க்யூட் வீடியோக்களும் காட்டு விலங்கு வியாபாரமும்: ஓர் எளிய விளக்கம்

2009இல் யூடியூபில் ஒரு சின்ன வீடியோ வெளியாகி உலகம் முழுக்கச் சுற்றியது. உருண்டைக் கண்களோடு ஒரு தேவாங்கு. யாரோ ஒருவர் அதன் அக்குளில் விரல் வைத்துக் கிச்சுகிச்சு மூட்டுகிறார். அது இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு அப்படியே இருக்கிறது. "இன்னும் கொஞ்சம்" என்று கேட்பது போலத்தான் பார்ப்பவருக்குத் தோன்றும். பார்த்தவர்கள் சிரித்தார்கள், பகிர்ந்தார்கள், "எனக்கும் ஒன்று வேண்டும்" என்று எழுதினார்கள்.

அந்த விலங்கு கையைத் தூக்கியதற்குக் காரணம் வேறு. ஸ்லோ லோரிஸ் எனப்படும் இந்தத் தேவாங்கு வகை தென்கிழக்கு ஆசியக் காடுகளிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் வாழ்கிறது. பாலூட்டிகளில் விஷமுள்ளவை மிகச் சில. அவற்றில் இதுவும் ஒன்று. மேல்கையின் உட்புறம், முழங்கைக்குப் பக்கத்தில் அதற்கு ஒரு சுரப்பி உண்டு. ஆபத்து என்று தோன்றினால் கைகளை உயர்த்தி, அந்தச் சுரப்பி வாய்க்கு எட்டும்படி வைத்துக்கொள்ளும். அதில் ஊறுவதை நக்கி எச்சிலோடு கலந்தால் கடி விஷக்கடியாகிவிடும். கோடிக்கணக்கான பேர் கொஞ்சல் என்று ரசித்தது ஒரு பயந்த விலங்கின் தற்காப்பு.

இதைவிடக் கொடுமையான விஷயம் கேமராவுக்கு வெளியே நடக்கிறது. கடித்துவிடக் கூடாது என்பதற்காக, விற்பவர்கள் பெரும்பாலும் அதன் முன்பற்களை நகவெட்டியால் நறுக்கிவிடுகிறார்கள். மயக்க மருந்தெல்லாம் கிடையாது. ஈறு புண்ணாகி, சீழ் வைத்து, பல விலங்குகள் செத்துப்போகின்றன. பிழைத்தவையும் காட்டுக்குத் திரும்ப முடியாது. மரப்பட்டையைக் கீறி அதில் கசியும் பிசினைத் தின்பது இவற்றின் முக்கிய உணவுப் பழக்கம். பல் இல்லாமல் அது நடக்காது. இரவில் மட்டும் நடமாடும் உயிர் என்பதால் அறை விளக்கும் கேமரா வெளிச்சமும் அந்தப் பெரிய கண்களுக்குத் தனி வேதனை.

இந்தத் தேவாங்குகளைப் பன்னாட்டு அளவில் வணிகத்துக்காக வாங்கி விற்பது 2007இலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. வீடியோ வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. சட்டம் மூடிய கதவை ஒரு வீடியோ எப்படித் திறக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

எது 'எக்ஸாடிக்' செல்லப்பிராணி?

நாய், பூனை, ஆடு, மாடு போன்றவை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதரோடு வாழ்ந்து, அதற்கேற்ப மாறிய விலங்குகள். அப்படி மாறாமல், உடலாலும் குணத்தாலும் இன்னும் காட்டு விலங்காகவே இருக்கும் ஒன்றை வீட்டில் வளர்த்தால் அதை எக்ஸாடிக் செல்லப்பிராணி என்கிறார்கள். தேவாங்கு, நீர்நாய், சிவிங்கிப்புலி (சீட்டா), சிம்பன்சி, பாலைவன நரியான ஃபெனெக், மலைப்பாம்பு, நட்சத்திர ஆமை, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, டாரன்டுலா சிலந்தி எல்லாமே இந்தப் பட்டியலில் வரும். ஒரு குட்டியைச் சின்ன வயதிலிருந்து பாட்டில் பால் கொடுத்து வளர்த்தால் அது பழகும், உண்மைதான். ஆனால் பழகுவது வேறு, வீட்டு விலங்காக மாறுவது வேறு. பின்னது ஒரு தலைமுறையில் நடப்பதில்லை.

இந்த வியாபாரம் முழுவதும் சட்டவிரோதம் என்று நினைத்துவிடக் கூடாது. நாடுகளுக்கு இடையிலான வனவிலங்கு வணிகத்தை ஒழுங்குபடுத்த சைட்டிஸ் என்றொரு பன்னாட்டு ஒப்பந்தம் 1975 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் முதல் பட்டியலில் இருக்கும் இனங்களைக் காட்டிலிருந்து பிடித்து வணிகம் செய்யவே கூடாது. இரண்டாம் பட்டியலில் இருப்பவற்றை அனுமதிச் சீட்டோடு விற்கலாம். மூன்றாவது பட்டியல், ஒரு நாடு தன் இனத்தைக் காக்க மற்ற நாடுகளின் உதவியைக் கேட்டுச் சேர்ப்பது. சிக்கல் என்னவென்றால், எந்தப் பட்டியலிலும் இல்லாத இனங்களே அதிகம். 2020இல் வெளியான ஓர் ஆய்வு இணையத்தளங்களையும் வணிகப் பதிவுகளையும் அலசியதில், உலகின் ஊர்வன இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், அதாவது 3,900க்கும் அதிகமான இனங்கள் விற்பனையில் இருப்பது தெரிந்தது. அவற்றில் முக்கால்வாசிக்குப் பன்னாட்டுக் கட்டுப்பாடு எதுவுமே இல்லை.

அதனால் இங்கே கறுப்பு வெள்ளை என்று இரண்டே பக்கம் கிடையாது. நடுவில் பெரிய சாம்பல் நிறப் பரப்பு ஒன்று இருக்கிறது. சமூக ஊடக வியாபாரம் செழிப்பது பெரும்பாலும் அந்தப் பரப்பில்தான்.

பார்வை எப்படி ஆசையாகிறது

ஒரு காட்டு விலங்கை சோபாவில் பார்க்கும்போது நம் மனம் அதைப் பற்றிச் சில முடிவுகளைத் தானாகவே எடுத்துவிடுகிறது. இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். சிகாகோவின் லிங்கன் பார்க் விலங்குக் காட்சிசாலை ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே சிம்பன்சியின் படத்தைச் சுற்றியிருப்பதை மட்டும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். சிலருக்கு சிம்பன்சி தனியாக இருக்கும் படம். சிலருக்கு அதன் பக்கத்தில் ஒரு மனிதர் நிற்கும் படம். மனிதரோடு பார்த்தவர்களில், காட்டில் சிம்பன்சிகள் நன்றாகத்தான் இருக்கின்றன என்று நினைப்பதற்கான வாய்ப்பு 35 சதவீதத்துக்கு மேல் அதிகமாக இருந்தது. இதை வீட்டில் வளர்க்கலாமே என்ற எண்ணமும் அவர்களிடம் கூடுதல். விலங்கு அதேதான், மாறியது பக்கத்தில் நின்ற ஆள் மட்டும். நிஜத்தில் சிம்பன்சி அழிவின் விளிம்பில் இருக்கும் இனம்.

இப்போது அந்தச் சிம்பன்சிக்கு ஒரு சட்டை மாட்டி, கையில் செல்போன் கொடுத்து, பாட்டுப் போட்டு விடுங்கள். 2019இல் ஒரு சிம்பன்சி போனில் இன்ஸ்டாகிராமைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும் வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. சிம்பன்சிகளோடு வாழ்நாளைக் கழித்த ஜேன் குட்டால் அதைக் கடுமையாகக் கண்டித்தார். ஏன் இவ்வளவு கோபம் என்று பலருக்குப் புரியவில்லை. பார்ப்பவர் மனதில் பதிவது, இது மனிதரோடு இருக்க வேண்டிய விலங்கு என்பது. தாயைப் பிரிந்த ஒரு குட்டி அந்தப் படத்தில் இருப்பது யார் கண்ணிலும் படுவதில்லை.

2016இல் மடகாஸ்கரில் எடுத்த இன்னொரு வீடியோ. குரங்குகளுக்கு உறவான வளைய வால் லெமூர் ஒன்றின் முதுகை இரண்டு சிறுவர்கள் சொறிந்துவிடுகிறார்கள். கையை எடுத்தால், அது தன் முதுகைத் தானே தொட்டுக் காட்டி மறுபடி சொறியச் சொல்கிறது. உண்மையிலேயே ரசிக்கத்தக்க காட்சி. அந்த வீடியோ பரவியதும், லெமூரைச் செல்லப்பிராணியாக வளர்க்க ஆசை என்ற ட்வீட்டுகளும், கூகுளில் 'பெட் லெமூர்' தேடல்களும் உயர்ந்ததை ஆய்வாளர்கள் பின்னர் பதிவு செய்தார்கள். லெமூர்களின் இயற்கையான தாயகம் மடகாஸ்கர் மட்டும்தான். அங்கேயும் வளைய வால் லெமூர் அழியும் ஆபத்தில் இருக்கிறது.

சரி, ஆசைப்பட்டவர்கள் எல்லோரும் வாங்கிவிடுகிறார்களா? இல்லை. நிறையப் பேர் "எனக்கும் வேணும்" என்று எழுதிவிட்டு அடுத்த ரீலுக்குப் போய்விடுவார்கள். இந்தப் பிரச்சினையின் கணக்கே இங்கேதான் இருக்கிறது. ஒரு வீடியோவை ஒரு கோடிப் பேர் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரத்தில் ஒருவர் மட்டும் உண்மையிலேயே வாங்கக் கிளம்பினால்கூட ஆயிரம் பேர் ஆயிற்று. உலகம் முழுவதும் காட்டில் மிச்சமிருக்கும் சிவிங்கிப்புலிகள் சுமார் 7,000. பார்வையாளர்கள் கோடிக்கணக்கில், விலங்குகள் ஆயிரக்கணக்கில். ஆசையில் ஒரு துளி போதும், காட்டில் ஓர் இனம் தாங்காது. நாம் ஒவ்வொருவரும் "நான் வெறும் லைக்தானே போட்டேன்" என்று சொல்வது நியாயமாகத் தோன்றுவதும், ஆனால் மொத்தமாகப் பார்த்தால் சேதம் நடந்துவிடுவதும் இந்தக் கணக்கால்தான்.

திரையில் பார்த்து ஆசைப்படுவது புதிதல்ல. 1977இல் ஜப்பானில் ஒளிபரப்பான ஒரு கார்ட்டூன் தொடரில் ரக்கூன் குட்டி ஒன்று நாயகனின் தோழனாக வந்தது. அதைப் பார்த்து வீடு வீடாக ரக்கூன் கேட்டார்கள், வட அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானது. வளர்ந்த ரக்கூன் கடிக்கும், பிராண்டும் என்று தெரிந்ததும் வெளியே விட்டார்கள். இன்று அந்நாட்டின் பெரும்பகுதியில் அது பயிரையும் பழைய கோயில் கட்டடங்களையும் நாசம் செய்யும் அந்நிய இனம். அன்று தொலைக்காட்சியில் பார்த்தவர் விலங்கு விற்பவரைத் தேடித்தான் போக வேண்டியிருந்தது. இன்று அவர் அதே திரையில், அடுத்த பதிவில் இருக்கிறார்.

லைக்கிலிருந்து இன்பாக்ஸ் வரை

எப்படி என்று பார்ப்போம். நீங்கள் ஒரு நீர்நாய்க் குட்டி வீடியோவை முழுதாகப் பார்க்கிறீர்கள். உங்களுக்கு எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் அல்காரிதம் அதைக் கவனிக்கிறது. அடுத்த நாள் இன்னும் இரண்டு. ஒரு வாரத்தில் உங்கள் திரையில் நீர்நாய், பல்லி, குரங்கு வளர்ப்பவர்களின் கணக்குகள் வரிசையாக வரத் தொடங்கும். அவற்றில் சில வெறும் பொழுதுபோக்குக் கணக்குகள், சில பார்வைக் காசுக்காக நடப்பவை, சில நேரடி விற்பனையாளர்கள். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும்.

விற்பனைப் பதிவு வழக்கமாக இப்படித்தான் இருக்கும்: உள்ளங்கையில் சுருண்டு கிடக்கும் ஒரு குட்டி. பின்னால் வீட்டுத் தரையோ, நைலான் கூடையோ தெரியும். விலை இருக்காது. விற்பனை என்ற வார்த்தையே இருக்காது. "புதிய வீடு தேடுகிறோம்", "ஆர்வமுள்ளவர்கள் மட்டும் டிஎம்" என்று ஒரு வரி. விலங்கின் பெயருக்குப் பதில் ஓர் எமோஜி, அல்லது வேண்டுமென்றே எழுத்து மாற்றிய சொல். சிலர் 24 மணி நேரத்தில் மறையும் ஸ்டோரியில் மட்டும் போடுவார்கள். கமெண்ட்டில் கேட்பவரை இன்பாக்ஸுக்கு அழைத்து, அங்கிருந்து வேறு செயலிக்கு நகர்த்திவிடுவார்கள். பேரம், பணம், அனுப்பும் வழி எல்லாம் அங்கே. பொதுவெளியில் மிஞ்சுவது ஒரு க்யூட் படமும் நாற்பது இதயக் குறிகளும்.

இதன் அளவைக் காட்ட ஒரு பழைய ஆய்வே போதும். வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் என்ற அமைப்பு, 2014-15இல் தீபகற்ப மலேசியாவில் 14 ஃபேஸ்புக் குழுக்களை ஐந்து மாதம் கவனித்தது. ஒரு நாளைக்கு அரை மணி நேரம் மட்டுமே. அதற்குள் சுமார் 80 இனங்களைச் சேர்ந்த 300க்கும் மேற்பட்ட உயிருள்ள காட்டு விலங்குகள் விற்பனைக்கு வந்தன. சூரியக் கரடிக் குட்டி, கிப்பன் என்ற வாலில்லாக் குரங்கு, நீர்நாய், பின்டுராங் என்ற மரநாய் வகை எல்லாம் அதில் அடக்கம். அந்தக் குழுக்களில் இருந்தவர்கள் 67,000க்கும் மேல். அந்நாட்டில் காட்டு விலங்குகளை வெளிப்படையாக விற்கும் பெரிய சந்தைகள் இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. சந்தையே இல்லாத இடத்தில் போனுக்குள் ஒரு சந்தை முளைத்திருந்தது.

சந்தைக்கு நேரில் போக ஒரு தயக்கம் இருக்கும். நாற்றம், கூண்டில் அடைபட்ட விலங்குகள், செத்துக் கிடக்கும் ஒன்றிரண்டு, போலீஸ் பயம். போனில் இது எதுவும் கண்ணில் படாது. குழுவில் ஆயிரக்கணக்கானோர் இருக்கும்போது தவறு செய்கிற உணர்வும் வராது. இது ஒரு பொழுதுபோக்கு, நாம் எல்லோரும் 'விலங்கு நேசர்கள்' என்ற நினைப்புதான் வரும். என்னைக் கேட்டால், சமூக ஊடகம் செய்யும் மிகப் பெரிய கெடுதல் விற்பனைக்கு வழி திறப்பதைவிட, இந்தக் கூச்சத்தைப் போக்கிவிடுவதுதான்.

நீர்நாய்க்கு வந்த மோகம்

ஆசியாவின் சிறு நகங்கொண்ட நீர்நாய் இதற்கு அப்படியே பொருந்தும் உதாரணம். உலகின் நீர்நாய் இனங்களிலேயே மிகச் சிறியது. கைவிரல்களைப் பயன்படுத்திச் சேற்றில் நண்டும் நத்தையும் துழாவும். அந்தக் கைகள்தான் வீடியோவில் எல்லோரையும் கவிழ்க்கின்றன. 2010களின் பிற்பகுதியில் ஜப்பானில் நீர்நாய் வளர்ப்போரின் இன்ஸ்டாகிராம், யூடியூப் கணக்குகள் லட்சக்கணக்கான ஃபாலோயர்களைப் பெற்றன. காபி குடித்துக்கொண்டே நீர்நாயைத் தொட்டு விளையாடும் கஃபேக்கள் திறந்தன. அதே சமயத்தில் தாய்லாந்திலிருந்து ஜப்பானுக்குக் குட்டிகளைக் கடத்துவது பிடிபடத் தொடங்கியது. 2017இல் பாங்காக் விமான நிலையத்தில் ஒரு பயணியின் பெட்டிக்குள் 10 நீர்நாய்க் குட்டிகள் இருந்தன.

2019இல் ஜெனீவாவில் கூடிய சைட்டிஸ் மாநாடு இந்த இனத்தை முதல் பட்டியலுக்கு மாற்றி, பன்னாட்டு வணிகத்தைத் தடை செய்தது. காடழிப்பும் நீர்நிலை மாசும் ஏற்கெனவே அதை நெருக்கிக்கொண்டிருந்தன. செல்லப்பிராணி மோகமும் சேர்ந்துகொண்டது.

வீடியோவில் தெரியாதவை சில. நீர்நாய் பெரிய குடும்பமாக வாழும் விலங்கு. தனியாக விட்டால் ஓயாமல் கத்தும், அந்தக் கீச்சொலி அடுத்த தெரு வரை கேட்கும். தன் எல்லையைக் குறிக்க வீடெங்கும் கடும் நாற்றத்தோடு எச்சமிடும். நண்டு ஓட்டை நொறுக்கும் பல் விரலை விடாது. நாள் முழுக்கத் தண்ணீர் வேண்டும், குளியல் தொட்டி போதாது.

சிவிங்கிப்புலியின் பாதை

எத்தியோப்பியா, சோமாலிலாந்து, சோமாலியா பகுதிகளில் தாய் இரை தேடப் போயிருக்கும் நேரத்தில் குட்டிகளை எடுத்துவிடுகிறார்கள். ஆடு மாடுகளைத் தாக்கும் என்று தாயைக் கொல்வதும் உண்டு. குட்டிகள் படகில் ஏடன் வளைகுடாவைக் கடந்து ஏமன் போய், அங்கிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சேர்கின்றன. பால்குடி மறக்காத குட்டிகள் அவை. ஊட்டச்சத்து இல்லாமல், நோய் பிடித்து, எலும்பு வளைந்து பல குட்டிகள் பாதி வழியிலேயே சாகின்றன. சிவிங்கிப்புலி பாதுகாப்பு நிதியம் என்ற அமைப்பு, ஆண்டுக்கு சுமார் 300 குட்டிகள் இப்படிக் கடத்தப்படுவதாகக் கணக்கிட்டிருக்கிறது. 2010 முதல் 2019 வரை உலகம் முழுக்க 3,600க்கும் மேற்பட்ட உயிருள்ள சிவிங்கிப்புலிகள் சட்டவிரோத விற்பனையில் இருந்தன என்கிறது அதோடு தொடர்புள்ள ஓர் ஆய்வு.

பாதையின் கடைசியில் இருப்பது ஒரு விலையுயர்ந்த காரின் முன்சீட்டு. பக்கத்தில் தங்கச் சங்கிலி கட்டிய சிவிங்கிப்புலி. அந்தப் படத்தால் அதை வைத்திருப்பவருக்கு அந்தஸ்து கூடுகிறது, பார்க்கும் அடுத்தவருக்கும் அதேபோல் ஒன்று வேண்டும். ஐக்கிய அரபு அமீரகம் 2016இல் நிறைவேற்றிய சட்டத்தில் இப்படிப்பட்ட விலங்குகளைத் தனியார் வைத்திருப்பதைத் தடை செய்தது. பறிமுதலாகும் குட்டிகளின் நிலைதான் பரிதாபம். வேட்டையாடக் கற்றுக்கொடுப்பது தாய். அந்த ஒன்றரை ஆண்டுப் பாடம் கிடைக்காத விலங்கைக் காட்டில் விட்டால் பட்டினியில் செத்துவிடும். ஆயுள் முழுக்கக் காப்பகம்தான்.

இப்படிக் கடத்தும் வழிகளில் எத்தனை சாகின்றன என்பதை நினைத்துப் பார்க்கவே மனம் கூசும். 2015இல் இந்தோனேசியாவின் சுரபயா துறைமுகத்தில் போலீசார் பிடித்த மஞ்சள் கொண்டைக் காக்கட்டூ கிளிகள் ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குள் திணிக்கப்பட்டிருந்தன. அடிப்பகுதியை வெட்டி, கிளியை உள்ளே நுழைத்திருந்தார்கள். திரையில் ஒரு கிளி தலையாட்டி ஆடுவதற்குப் பின்னால், இந்த மாதிரிப் பாட்டிலில் மூச்சு முட்டிப் போன கிளிகளும் இருக்கலாம்.

"ஆனால் இது பண்ணையில் பிறந்தது"

வளர்ப்பவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் இதுதான். சில இனங்களில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் காட்டில் பிடித்ததைப் 'பண்ணையில் பிறந்தது' என்று காகிதத்தில் எழுதி அனுப்புவது இந்த வியாபாரத்தின் பழைய தந்திரம். வீடியோவைப் பார்த்து எவராலும் வித்தியாசம் சொல்ல முடியாது.

போர்னியோ தீவில் மட்டும் வாழும் காதில்லா உடும்பின் கதையைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே அறிவியல் உலகம் அறிந்த இனம், ஆனால் நேரில் பார்த்தவர்கள் மிகக் குறைவு. இந்தோனேசியா, மலேசியா, புருனே மூன்றிலும் பாதுகாக்கப்பட்டது. பின் 2010களில் அதன் படங்கள் இணையத்தில் உலவத் தொடங்கின, சேகரிப்பாளர்கள் கிளம்பினார்கள், ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்துவிட்டது. அப்போது அது சைட்டிஸ் பட்டியலில் இல்லாததால், நாட்டை விட்டுக் கடத்துவது குற்றம், ஐரோப்பாவில் விற்பது குற்றமில்லை என்ற விசித்திர நிலை. 2017 தொடக்கத்தில்தான் பட்டியலில் சேர்ந்தது. அரிய விலங்கு தென்பட்ட இடத்தை இருப்பிடக் குறியோடு பதிவிடுவது எவ்வளவு ஆபத்து என்பது இதிலிருந்து புரியும். இன்று பல ஆய்வாளர்களே புது இனம் கண்ட இடத்தைத் துல்லியமாக வெளியிடத் தயங்குகிறார்கள்.

உண்மையிலேயே பண்ணையில் பிறந்தாலும் பிரச்சினை தீர்வதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பெருமளவில் ஏற்றுமதியாகும் பால் பைத்தான் என்ற சிறிய மலைப்பாம்பை விதவிதமான நிறக்கோலங்களில் இனப்பெருக்கம் செய்கிறார்கள். படம் எடுக்க அழகாக இருக்கும். அதில் 'ஸ்பைடர்' எனப்படும் கோலத்தோடு சேர்ந்தே ஒரு நரம்புக் கோளாறும் வருகிறது. தலை தள்ளாடும், திசை தெரியாமல் சுழலும், இரையைக் குறிபார்க்க முடியாமல் தவிக்கும். படத்தில் நிறம் மட்டும்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்தபின்

குட்டி வளர்கிறது. குரங்குகள் பருவம் எய்தியதும் கடிக்கத் தொடங்கும். அதுவரை கொஞ்சிய குடும்பம் கூண்டில் அடைக்கும். சத்துக்குறைவும் தனிமையும் விலங்கை ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி நடக்க வைக்கும், தன் முடியைத் தானே பிடுங்க வைக்கும். அதையும் "டான்ஸ் ஆடுது பாருங்க" என்று பதிவிடுபவர்கள் உண்டு. சிம்பன்சி உதட்டை இழுத்துப் பல்லைக் காட்டினால் அது பயத்தின் அடையாளம். நமக்கு அது சிரிப்பாகத் தெரிகிறது.

நோயும் வருகிறது. ஆமை, பல்லி, பாம்புகளிடமிருந்து சால்மொனெல்லா என்ற குடல் கிருமி தொற்றுவது சாதாரணம். சின்னக் குழந்தைகளுக்கு அது கடுமையாகலாம். 2003இல் அமெரிக்காவில் 47 பேருக்கு எம்பாக்ஸ் எனப்படும் குரங்கம்மை வந்ததற்குக் காரணம், கானாவிலிருந்து செல்லப்பிராணி விற்பனைக்காக இறக்குமதியான எலி வகைகள். அவற்றோடு ஒரே இடத்தில் வைக்கப்பட்டிருந்த பிரெய்ரி நாய்கள் என்ற அணில் இன விலங்குகளுக்குத் தொற்றி, அவற்றை வாங்கிய வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

மீட்பு நாடகங்கள்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஏமாறுவது விலங்குகளை உண்மையாகவே நேசிப்பவர்கள். மலைப்பாம்பு ஒரு குரங்குக் குட்டியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. தற்செயலாக அந்த வழியே வரும் ஒருவர் பாய்ந்து காப்பாற்றுகிறார். கேமரா மட்டும் முன்கூட்டியே சரியான கோணத்தில் தயாராக இருக்கிறது. விலங்கை ஆபத்தில் தள்ளி எடுக்கும் படங்கள் இவை. சமூக ஊடக விலங்குக் கொடுமையைக் கண்காணிக்கும் கூட்டமைப்பு ஒன்று 2020-21இல் விலங்குக் கொடுமையைக் காட்டும் 5,480 வீடியோக்களைத் தொகுத்தது. அவை பார்க்கப்பட்ட மொத்த எண்ணிக்கை 530 கோடிக்கும் மேல். போலி மீட்பு வீடியோக்கள் அதில் ஒரு வகை. ஒரே கணக்கில் வாரம் ஒரு 'மீட்பு', அதே காடு, அதே ஆள் என்றால் சந்தேகப்படுங்கள்.

நிறுவனங்கள் என்ன செய்கின்றன?

கொஞ்சம் செய்திருக்கின்றன. 2017 டிசம்பரில் இருந்து இன்ஸ்டாகிராமில் சில விலங்கு ஹேஷ்டேக்குகளைத் தேடினால் எச்சரிக்கை வரும். 2018இல் இணையவழி வனவிலங்குக் கடத்தலை ஒழிக்கும் கூட்டணி 21 நிறுவனங்களோடு தொடங்கியது. ஃபேஸ்புக் தனியாட்களுக்கு இடையிலான உயிர் விலங்கு விற்பனையைத் தன் விதிகளில் தடை செய்திருக்கிறது. விதி இருக்கிறது, அமலாக்கம்தான் பின்தங்குகிறது. பெரும்பாலான விற்பனைப் பதிவுகள் உள்ளூர் மொழிகளில், மூடிய குழுக்களில் இருக்கின்றன. ஒரு குழுவை மூடினால் மறுநாள் அதே ஆட்கள் வேறு பெயரில் வருகிறார்கள். அப்புறம், விற்பனையே இல்லாத 'என் வீட்டு நீர்நாய்' கணக்கு எந்த விதியையும் மீறுவதில்லை. ஆசையை விதைப்பது அந்தக் கணக்கு. அதைத் தொட எந்த விதியும் இல்லை.

பார்ப்பவர் கையில் இருப்பது

கோபமாகக் கமெண்ட் போட்டாலும் அல்காரிதத்துக்கு அது ஒரு கமெண்ட்தான். வீடியோ இன்னும் பத்துப் பேருக்குப் போகும். கண்டிப்பதற்காக ஷேர் செய்தாலும் அதே கதை. ஒரு வார்த்தையும் எழுதாமல் ரிப்போர்ட் செய்து, 'ஆர்வமில்லை' என்று குறித்துவிட்டு நகர்வது மேல். நேரடி விற்பனை என்று தெரிந்தால் பதிவின் சுட்டியோடு வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

இதற்குப் பலன் இருக்கிறதா என்று கேட்டால், நம்பிக்கை தரும் ஒரு தகவல் இருக்கிறது. முதலில் சொன்ன தேவாங்கு வீடியோவுக்கு வந்த 12,000க்கும் மேற்பட்ட கமெண்ட்டுகளை, ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ் பல்கலைக்கழகத்தின் அன்னா நெகாரிஸ் குழுவினர் ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். ஆரம்ப மாதங்களில் எழுதியவர்களில் கால்வாசிப் பேர் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள். அந்த விலங்கைப் பற்றிய உண்மைகள் பரவப் பரவ, அந்த விகிதம் நன்றாகவே குறைந்தது. தெரியாமல்தான் பலர் ஆசைப்படுகிறார்கள். அந்த உண்மையை வீடியோவுக்குக் கீழே எழுதுவதைவிட, அதை உங்களுக்கு அனுப்பிய நண்பரிடமே சொல்வது நல்லது. "இது ஏன் கையைத் தூக்குதுன்னு தெரியுமா?" என்று ஆரம்பித்தாலே பேச்சு தொடரும்.

விலங்குகளைப் பார்க்கும் ஆசையில் தவறில்லை. நல்ல காப்பகங்களும் வீடியோ போடுகின்றன. அங்கே விலங்குகள் தங்கள் இனத்தோடு இருக்கும். பார்வையாளர் கட்டிப்பிடிக்க, செல்ஃபி எடுக்க விடமாட்டார்கள். பராமரிப்பாளரும் தேவைக்கு மேல் தொடமாட்டார். ஏற்கெனவே வீட்டில் இப்படி ஒன்று இருந்தால், அதை ஏரியிலோ காட்டிலோ விட்டுவிடாதீர்கள், குழுவில் போட்டு விற்கவும் வேண்டாம். இரண்டுமே பிரச்சினையை இன்னோர் இடத்துக்கு நகர்த்தும். காட்டு விலங்குகளுக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடமோ வனத்துறையிடமோ பேசுங்கள், அதன் படங்களைப் பொதுவில் போடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.